கழுத்தளவில் நின்ற பாட்டு

உபகாரம் செய்ய வருகிறவனைக் கண்டால் பொன்னுலிங்கத்துக்குப் பயம். பூ வாங்க வருகிறவன் வாங்கிவிட்டுப் போவான். சண்டைக்கு வருகிறவன் ரெண்டு அடி கொடுத்து ரெண்டு அடி வாங்கிவிட்டுப் போவான். உபகாரம் செய்ய வருகிறவன் மட்டும் லேசில் போகமாட்டான். அதனால்தான், வக்கீல் தாணுமாலயன் பிள்ளை வண்டியை ரோட்டில் விட்டுவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆலடிமடை வரப்பில் வழுக்கி வழுக்கி வந்தபோது, பிச்சித் தோட்டத்தில் நின்ற பொன்னுலிங்கம் பார்க்காதவன் மாதிரி குனிந்து களை பறிக்க ஆரம்பித்தான்.

பிள்ளை தேடி வந்தது பாட்டுக் குழுவை நடத்துகிற அண்ணாவி கோலப்பனை. தோவாளைக்கு அப்பால் மலையடியில் கிடக்கிற ஆலடிமடைக்கு வேறு என்ன பெருமை இருக்கிறது? பிச்சிப்பூ இருக்கிறது, கோலப்பனின் வில்லுப்பாட்டு இருக்கிறது. கோலப்பன் வீசுகோலை எடுத்துப் பாடினால் சிவதாணு உடுக்கு அடிப்பான், பொன்னுலிங்கம் குடம் அடிப்பான், பின்பாட்டுக்கும் தாளத்துக்கும் ரெண்டு பேர். கோயில் கொடை நடக்கிற மாசங்களில் இவர்கள் பாட்டுக்காரர்கள். மற்ற மாசங்களில் எல்லாரும் மண்வெட்டிக்காரர்கள்.

"ஐப்பசியிலே ராஜா பொறந்தநாள் வருது" என்றார் பிள்ளை, கோலப்பன் வீட்டு முற்றத்தில் போட்ட பெஞ்சில் உட்கார்ந்து. "நாகர்கோவில்ல நம்ம நாஞ்சில் கலா ரட்சண சபை பெரிய விழா எடுக்குது. பரதம், பாட்டு எல்லாம் உண்டு. ஆனா மண்ணுக்குச் சொந்தமான கலைன்னு ஒண்ணு வேண்டாமா? அது அழிஞ்சு போகாம யாராவது தாங்கிப் பிடிக்க வேண்டாமா? உங்க மடைகாத்தம்மன் கதையை நீங்க மேடையில பாடணும். சபை உங்களை ஆதரிக்கும்."

கோலப்பனுக்கு முகம் பூத்துவிட்டது. வீட்டுக்கு முன்னால் வக்கீல் ஒருத்தர் உட்கார்ந்து 'நீங்க, வாங்க' என்று பேசுகிறாரே.

"எம்புட்டு நேரம் பாடணும் பிள்ளைவாள்?"

"கால் மணி நேரம்."

சிவதாணு வாயிலிருந்த வெற்றிலையை அவசரமாகத் துப்பினான். "கால் மணி நேரமா? அண்ணாவிக்குத் தொண்டையைக் கனைக்கவே அது காணாதே!"

எல்லாரும் சிரித்தார்கள். பிள்ளையும் சிரித்தார். பொன்னுலிங்கம் சிரிக்கவில்லை. களையோடு வந்து வேலியோரம் நின்றவன் கேட்டான்: "சாமி வந்தா எங்க கொண்டு இறக்கது?"

சிரிப்பு நின்றது. காரணம் உண்டு.

மடைகாத்த அம்மன் கதை வேறு கதைகள் மாதிரி இல்லை. குளத்துக்கரை உடைந்து நின்ற காலத்தில், மண்ணள்ளிப் போட்டும் உடைப்பு நிற்காமல், வயலுக்குக் கஞ்சி கொண்டுபோன ஒருத்தியைப் பிடித்து மடைவாயில் நிறுத்திச் சுற்றி மண் போட்டார்கள். அவள் மேல் தண்ணீர் ஏறுவதுதான் கதையின் உயிர். கணுக்கால், முட்டு, இடுப்பு, நெஞ்சு, கழுத்து என்று வில் ஒவ்வொரு படியாக ஏற்றும். இடுப்பு வரைக்கும் அது வெறும் கதை. இடுப்பைத் தாண்டினால் அம்மன் இறங்குவாள். அவள் இறங்குகிற இடம் பொன்னுலிங்கத்தின் பெண்டாட்டி செல்லத்தாய்.

மூத்த பிள்ளை பிறந்து செத்த வருசத்திலிருந்து அப்படித்தான். கழுத்தளவு பாடும்போது செல்லத்தாய் கமுகம்பூவைக் கையில் பிடித்து, மூக்கைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்தவள் மாதிரி, முகவாய்க்கட்டை மேலே பார்க்க நாடியை உயர்த்திக்கொண்டு ஆடுவாள். பிறகு பாட்டில் தண்ணீர் கஞ்சிக்காரியின் தலைக்கு மேலே போகும், கரை நிற்கும், அவள் கல்லாய் எழுந்து அம்மனாவாள், கோலப்பன் முடிவு வாழ்த்தாக வாழி பாடுவான். வாழியின் கடைசி அடியில் செல்லத்தாய் பொத்தென்று உட்காருவாள். மஞ்சள்நீர் கொடுப்பார்கள். அம்மன் மலையேறிவிடுவாள். கண்ணைத் திறந்ததும் செல்லத்தாய் கேட்கிற முதல் கேள்வி எந்த வருசமும் ஒன்றுதான்: "நான் அடுப்பை அணைச்சேனா?" அந்தக் கேள்வி வந்தால்தான் பொன்னுலிங்கத்துக்குக் குடத்தை விட்டு எழும்ப மனசு வரும்.

ஏற்றின வில்தான் இறக்கவும் வேண்டும். அது அவர்களுடைய நியதி. ஒரு கொடையில் நெஞ்சளவு பாடும்போது நாண் அறுந்து போனது. பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வில்லைத் தருகிறோம் என்றார்கள். வேண்டாமென்று சொல்லி, அதே வில்லுக்கு வார் கட்டி முறுக்கேற்றும் வரை ஊரே மூச்சுவிடாமல் காத்து நின்றது. செல்லத்தாயும் நெஞ்சளவு தண்ணீரில் காத்து நின்றாள்.

"அதுக்கு வழி இருக்கு" என்றான் கோலப்பன். "இடுப்போட நிறுத்திருவோம். அங்கேருந்து நேரா வாழிக்குப் போயிரலாம். சாமியும் வராது, நேரமும் காணும்."

"உமக்கு வழி இருக்கும். செல்லத்தாய் அங்க வரமாட்டா" என்றான் பொன்னுலிங்கம்.

பிள்ளை கையைத் தூக்கினார். "குரவையிட நாலு பெண்கள் வரணும். ஊரில் எப்படியோ அப்படியே இருக்கணும். அப்பத்தானே அழகு."

அன்று அந்தியில் செல்லத்தாய் பூத்தொடுத்துக்கொண்டே சொன்னாள்: "நானும் வாறேன்."

"ஏட்டி, நீ எதுக்கு?"

"நாகர்கோவிலுக்குப் பூக்கூடை சுமந்துதான் போயிருக்கேன். ஒரு நாளாவது கூடை இல்லாமப் போவண்டாமா? அதான் இடுப்போட நிறுத்துகேன்னு அண்ணாவி சொல்லிட்டாவளே."

பொன்னுலிங்கம் பெட்டியைத் திறந்து அவளுடைய நல்ல சேலையைத் துவைக்க எடுத்துப் போட்டான்.

விழா மண்டபத்துக்குள் போனதும் அவனுக்கு எதுவும் பிடிக்கவில்லை. வில்லை எந்தத் திசை பார்த்து வைப்பது என்று கேட்டால், "ஜனங்களைப் பாத்து" என்றார்கள். கொடையில் வில் சாமியைப் பார்த்து இருக்கும், ஜனங்கள் அக்கம்பக்கத்தில் இருப்பார்கள். இங்கே சாமி இல்லை. பீடம் இல்லை, மஞ்சள்நீர் இல்லை, ஒரு பிடி திருநீறு இல்லை. மேடையோரம் மேஜை போட்டு டைட்டஸ் என்ற பள்ளிக்கூட வாத்தியார் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் ஒரு கடிகாரமும் பித்தளை மணியும்.

"அது எதுக்கு சார்வாள்?" என்று கேட்டான் சிவதாணு.

"நேரம் முடிஞ்சா அடிக்கதுக்கு."

"நாங்க ஆடு மாடு இல்லியே. மணியடிச்சா கொட்டிலுக்குப் போக."

"எனக்கு என்ன ஓய் தெரியும்? அடிக்கச் சொன்னாவ, அடிக்கேன்" என்றார் டைட்டஸ். கெட்ட மனுசன் இல்லை. குடத்துக்கு அடியில் வைக்க வைக்கோல் பிரி சரியாக இல்லை என்றதும் அவர்தான் ஓடிப்போய் வண்டிமாட்டுக்குப் போட்ட வைக்கோலில் ஒரு கத்தை எடுத்து வந்தார்.

மேடைக்குக் கீழே முன்வரிசையில் செருப்புப் போட்ட கால்களாக இருந்தன. குரவைக்கு வந்த பெண்களை ஒரு பக்கமாகச் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். செல்லத்தாய் துவைத்த சேலை உடுத்து, தலை நிறையப் பிச்சி வைத்து, கூரையில் தொங்கின கண்ணாடி விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சின்னப் பிள்ளை மாதிரி.

கோலப்பன் காப்புப் பாடினான். வீசுகோல் நாணில் விழுந்தது, மணிகள் குலுங்கின. பொன்னுலிங்கம் இடதுகையால் குடத்தின் கழுத்தையும் வில்லையும் சேர்த்துப் பிடித்து, வலதுகையில் பிடித்த, கமுகம்பாளையில் வெட்டின பத்தி மட்டையால் குடத்தின் வாயில் அடித்தான். நல்லதைச் சொல்லத்தான் வேண்டும், அந்த மண்டபத்தில் குடம் பேசின பேச்சு அவன் எந்தக் கொடையிலும் கேட்டதில்லை. சுவரெல்லாம் திரும்பிச் சொன்னது.

"கணுக்கால் நனையுதம்மா, கரைமண்ணு கரையுதம்மா. முட்டளவு ஏறுதம்மா, முந்தானை மிதக்குதம்மா."

இடுப்பளவு வந்தது. கோலப்பன் பொன்னுலிங்கத்தைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். வாழிக்குத் திரும்ப வேண்டிய இடம். பொன்னுலிங்கம் அடியைத் தளர்த்தினான்.

அப்போது மண்டபம் முழுக்கக் கைதட்டியது.

ஆலடிமடைக்காரனுக்கு மட்டும்தான் அதில் என்ன கோளாறு என்று தெரியும். மடைகாத்த அம்மன் கொடையில் யாரும் பாட்டு நன்றாக இருக்கிறது என்று கைதட்டுவதில்லை. இடுப்பளவு பாடி முடித்ததும் வில் ஒரு கணம் நிற்கும். அப்போது ஊர் கூடிக் கைதட்டினால், 'தண்ணியை ஏத்து, அம்மையைக் கூப்பிடு' என்று அர்த்தம். ஊர் கேட்டுவிட்டால் வில் திரும்பக்கூடாது. திரும்பினால் கரை உடையும் என்பார்கள். அந்தப் பட்டணத்துச் சனம் சந்தோசத்தில் தட்டியது. தெரியாமல் அம்மனைக் கூப்பிட்டுவிட்டது.

கோலப்பன் வெளுத்துப்போனான். வீசுகோலைப் பிடித்த கை அந்தரத்தில் நின்றது. சுவரோரத்துப் பெண்கள், ஊர்ப் பழக்கத்தில், கைதட்டைக் கேட்டதும் நாக்கைச் சுழற்றிக் குரவையிட்டுவிட்டார்கள். அதோடு முடிந்தது. வில் தானாக ஏறினது போல நெஞ்சளவுக்கு ஏறியது.

"பாடாதயும் வே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான் பொன்னுலிங்கம்.

"நான் எங்க பாடுகேன்" என்றான் கோலப்பன். பாட்டுக்கு நடுவில், மூச்சு வாங்குகிற இடத்தில், அவ்வளவுதான் சொன்னான்.

செல்லத்தாய் சுவரோரத்திலிருந்து கூட்டத்துக்கு நடுவே வந்தாள். தலையிலிருந்த பிச்சி உதிர்ந்துகொண்டே வந்தது. நாற்காலிக்காரர்கள் விலகி வழிவிட்டார்கள். கழுத்தளவு பாடும்போது மேடைக்கு முன்னால் நாடியை உயர்த்தி நின்று ஆடினாள். கையில் கமுகம்பூ இல்லாததால் வெறுங்கையை விரித்து ஆடினாள். 'பேஷ், பேஷ்' என்று யாரோ சொன்னார்கள். பொன்னுலிங்கம் குடத்தை அடித்துக்கொண்டே அவளைப் பார்த்தான். இனி சீக்கிரம் முடித்து இறக்கிவிட்டால் போதும். தண்ணீர் தலைக்கு மேலே போகவேண்டும், கரை நிற்கவேண்டும், வாழி. அடியை முடுக்கினான்.

டைட்டஸ் மணியை அடித்தார்.

திரை விழுந்தது. அந்தப் பக்கம் கைதட்டல், இந்தப் பக்கம் ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் ஏறிவிட்டார்கள்.

"சார்வாளே, வாழி மட்டும் பாடிக்கிடுகேன். நாலு அடி" என்று கோலப்பன் கும்பிட்டான்.

"வெளிய போய் எவ்வளவு வேணும்னாலும் பாடும் ஓய். நானா வேண்டாங்கேன்? அடுத்தவங்க நேரம் ஓடுது."

அதுவும் சரி என்றுதான் பொன்னுலிங்கம் குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கிச் சுற்றி ஓடினான். செல்லத்தாயைப் பெண்கள் பிடித்து முற்றத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. நாடியை இறக்காமல், வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். "இந்தா வந்திருவாவ பிள்ளே. இந்தா வில்லு வருது" என்றான். வில் வரவில்லை.

உள்ளே கோலப்பனையும் வில்லையும் திரைக்கு முன்னால் கூப்பிட்டிருந்தார்கள். பிள்ளை அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார். "தலைமுறை தலைமுறையாக வந்த இந்த அரிய வில் இனி வெயிலிலும் மழையிலும் கிடந்து அழியாது. ராஜா பிறந்தநாள் நினைவாகச் சபையில் கண்ணாடிப் பெட்டியில் என்றைக்கும் இருக்கும். அண்ணாவிக்குச் சபை புது வில் வழங்குகிறது" என்று சொன்னார். முதலிலேயே இதைச் சொல்லியிருந்தால் கோலப்பன் யோசித்திருப்பானோ என்னவோ. அத்தனை பேருக்கு முன்னால், தோளில் பட்டு கிடக்கும்போது, யாரால் வாயைத் திறக்க முடியும்? கும்பிட்டான். கும்பிட்டதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அவன் பொன்னாடையோடும் பளபளவென்ற புது வில்லோடும் முற்றத்துக்கு வந்தபோது பொன்னுலிங்கம் கேட்டான்: "வில்லு எங்கவே?"

கோலப்பன் மண்டபத்துப் பக்கம் கையைக் காட்டினான்.

"பட்டைப் போட்டு உம்ம வாயைக் கட்டிட்டானுவளா?"

வில் இல்லாமலே வாழி பாடினார்கள். மழையில், கைத்தாளத்தோடு, குடம் மட்டும் வைத்து. செல்லத்தாய் உட்காரவில்லை. பிறகு புது வில்லை வைத்துப் பாடினார்கள். அவள் புது வில்லைப் பார்க்கக்கூட இல்லை. கண் மண்டபத்து வாசலையே பார்த்தது.

வண்டியில் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் பூப்பறிக்க எழுந்தாள், அடுப்பு மூட்டினாள், சொன்னதைச் செய்தாள். பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நாடி இறங்கவில்லை. செடியைப் பார்க்காமல் கையால் தடவித் தடவிப் பூப்பறித்தாள். சோறு ரெண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. பொன்னுலிங்கம் செம்பில் தண்ணீர் கொண்டுபோனால் கையைத் தட்டிவிட்டாள்.

"குடி பிள்ளே. தொண்டை காஞ்சு போவும்."

"வேண்டாம். கழுத்து வரைக்கும் நிக்குது."

பிடித்து உட்காரவைத்து, மூக்கைப் பொத்தி, குழந்தைக்குப் புகட்டுவது மாதிரி புகட்டவேண்டியிருந்தது. மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். டாக்டர் நல்ல மனுசன், பொறுமையாகக் கேட்டு, தூங்க மருந்து கொடுத்தார். தூங்கினாள். தூக்கத்திலும் நாடியை உயர்த்தித்தான் படுத்திருந்தாள்.

கோலப்பன் மனசு கேட்காமல் வெள்ளிக்கிழமை தோறும் அம்மன் பீடத்துக்கு முன்னால் புது வில்லை நாட்டிக் கழுத்திலிருந்து வாழி வரைக்கும் பாடினான். பொன்னாடையை வீட்டுப் பரணில் போட்டுவிட்டு, துண்டைக் கட்டிக்கொண்டு, தொண்டை உடையப் பாடினான். வாழி முடிந்ததும் எல்லாரும் செல்லத்தாயின் வாயையே பார்ப்பார்கள், அடுப்பைக் கேட்கிறாளா என்று.

"பாட்டு எப்ப முடியும்?" என்று கேட்பாள்.

கார்த்திகையில் பொன்னுலிங்கம் அவளைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலுக்குப் போனான். சபைக் கட்டடத்தில் டைட்டஸ்தான் இருந்தார். பள்ளிக்கூடம் விட்டபின் அங்கே கணக்கு வழக்குப் பார்க்கிறாராம். "அடடே, குடக்காரரா!" என்று எழுந்து வந்து உள்ளே கூட்டிப்போனார்.

வில் கண்ணாடிக்குள் இருந்தது. வார்னிஷ் அடித்திருந்தார்கள். மணிகளைப் புளிபோட்டுத் துலக்கி, ஆடாமல் இருக்கக் கம்பி சுற்றியிருந்தார்கள். செல்லத்தாய் கிட்டே போனாள். ரெண்டு கையையும் கண்ணாடியில் வைத்தாள். பொன்னுலிங்கம் அவள் நாடி இறங்குகிறதா என்று பார்த்தான்.

"தாயீ, கண்ணாடியத் தொடப்பிடாது" என்றார் டைட்டஸ், மெதுவாகத்தான்.

"சார்வாளே, இதை ஒரு அந்திக்குத் தாரும். ஒரே ஒரு அந்தி. நானே சுமந்து கொண்டுவந்து வச்சிருகேன்" என்றான் பொன்னுலிங்கம்.

"என்கிட்ட சாவி இருக்கு, அதிகாரம் இல்லியே. பிள்ளையைப் பாரும்."

பிள்ளை வீட்டு வாசலில் அவர்களைக் கண்டதும் இறங்கியே வந்தார். "வாரும், வாரும். நானே ஆள் அனுப்பணும்னு இருந்தேன்." உள்ளே போய் ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்து திறந்தார். வெல்வெட்டில் ஒரு வெள்ளி மெடல். "உம்ம சம்சாரத்துக்குச் சபை கொடுக்குது. அன்னைக்கு வந்த கலைஞர்களில் நடிப்புக்கு இவதான் முதல்னு எல்லாரும் ஒருமனசா சொல்லிட்டாவ."

பொன்னுலிங்கம் மெடலையும் பார்த்தான், பெண்டாட்டியையும் பார்த்தான்.

"அது நடிப்பு இல்ல வக்கீலய்யா. அம்மை இன்னும் மலையேறல. இவளைப் பாருங்க. நாடியைப் பாருங்க."

பிள்ளை பார்த்தார். அவர் முகம் மாறத்தான் செய்தது. பெட்டியை மூடினார். பிறகு, "நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்கு. அதை நான் குறை சொல்லமாட்டேன்" என்றார்.

"வில்லை ஒரு அந்திக்குத் தாங்க."

"ராஜா பெயரால சமர்ப்பணம் செஞ்சது ஓய். இனி அது என்னுடையது இல்ல, கோலப்பனுடையதும் இல்ல. வெளிய எடுக்கக் கமிட்டி கூடணும். அழிஞ்சுபோகாம இருக்கட்டும்னுதானே நான் கிடந்து அலையுதேன்? எனக்கு இதிலே ஒரு சக்கரம் துட்டு லாபம் உண்டா சொல்லும்."

லாபம் இல்லைதான். லாபத்துக்குச் செய்கிறவனாக இருந்தால் விலை பேசலாம். இவரிடம் என்ன பேசுவது?

"ஒரு வழி இருக்கு" என்றார் பிள்ளை. பொன்னுலிங்கம் ஒரு அடி பின்னால் வைத்தான். "தை மாசம் திருவனந்தபுரத்தில் பெரிய கண்காட்சி. பெரிய பெரிய ஆட்கள் வாறாவ. உங்க பாட்டை வைக்கச் சொல்லி எழுதிக் கேட்டிருக்காவ. இவ ஆட்டமும் வேணும்னு பிரத்தியேகமா சொல்லியிருக்காவ. அங்க கொண்டுபோறதுன்னா கமிட்டியே வில்லை வெளிய எடுக்கும். அதே வில்லுலேயே பாடலாம். நல்லா அமைஞ்சா சர்க்காரே உங்க செட்டை ஆதரிக்கும்."

"வாழி வரைக்கும் பாட விடுவாவளா?"

"கால் மணி நேரம் உண்டு."

"அப்படின்னா கழுத்துலேருந்து ஆரம்பிச்சுக்கிடுகோம். கழுத்துலேருந்து வாழிக்குக் கால் மணி நேரம் தாராளமாக் காணும்."

பிள்ளை வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "தண்ணி படிப்படியா ஏறுகதுதானே ஓய் அழகு? கணுக்கால்லேருந்துதான் வேணும்னு எழுதியிருக்காவ. கழுத்துலேருந்து ஆரம்பிச்சா புதுசாப் பாக்கவனுக்கு என்ன விளங்கும்?"

"எங்களுக்கு விளங்கும்."

"உங்களுக்காகவா விழா?" என்று கேட்டுவிட்டு, கேட்டது தனக்கே பிடிக்காமல், "டைட்டஸ்கிட்ட சொல்லுகேன், ரெண்டு நிமிஷம் கூட்டிக் குறைச்சுப் பாத்துக்கிடச் சொல்லி" என்றார்.

செல்லத்தாய் அவர்கள் ரெண்டு பேருக்கும் மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றாள். கழுத்து நரம்பு புடைத்துக் கிடந்தது. இந்த மனுசனை நம்பாதே என்று பொன்னுலிங்கத்துக்கு உள்ளே ஒன்று சொன்னது. ஆலடிமடையில் வேறு எவனை நம்பி என்ன ஆகப்போகிறது என்றும் ஒன்று சொன்னது.

"சரி" என்றான்.

தை மாசம் பஸ்ஸில் போனார்கள். வில்லைத் துணி சுற்றிப் பஸ்ஸின் மேலே கட்டியிருந்தார்கள். மேடையில் மட்டும்தான் துணியை அவிழ்க்கவேண்டும் என்பது கமிட்டி உத்தரவு. டைட்டஸ் முன்னால் உட்கார்ந்திருந்தார், மடியில் மணி. கோலப்பன் பொன்னாடையை மடித்துப் பையில் வைத்திருந்தான். போர்த்திக்கொண்டு மேடையேறச் சொல்லி எழுதியிருந்தார்களாம். சிவதாணு மட்டும் வழக்கம்போல ஏதோ சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தான், யாரும் சிரிக்காததால் உடுக்கைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனான்.

"கோலப்பா" என்றான் பொன்னுலிங்கம். "காப்பைச் சுருக்கும். முட்டளவையும் இடுப்பளவையும் ஓட்டிவிடும். நான் முடுக்கி அடிக்கேன். மணிக்கு முந்தி வாழிக்குப் போயிரணும்."

"ஓட்டினா வண்டிமாடா ஓடும்? பாட்டுல்லாவே."

"ஓட்டும்னு சொல்லுகேன்."

"அங்கேயும் கைதட்டுவானுவ. தட்டும்போது நிறுத்தி நிறுத்தித்தானே போகணும்? தட்டுக்கு வில்லு நிக்கணும்லா."

பொன்னுலிங்கம் மடியிலிருந்த குடத்தின் வாயில் வெறுங்கையால் மெல்ல அடித்துப் பார்த்தான். மனசுக்குள் பாட்டை ஓட்டினான். காப்பை விட்டான், குருவணக்கத்தை விட்டான், கணுக்காலிலிருந்து எடுத்தான். முட்டு, இடுப்பு, அங்கே கைதட்டு, நெஞ்சு, கழுத்து. முன்னால் டைட்டஸின் மடியில் மணி தெரிந்தது. திரும்பவும் கணுக்காலிலிருந்து எடுத்தான், இன்னும் முடுக்கி. பார்வதிபுரம் தாண்டியது. முட்டு, இடுப்பு, கைதட்டு, நெஞ்சு. பக்கத்தில் செல்லத்தாய் ஜன்னல் கம்பியைப் பிடித்து, நாடியை உயர்த்தி உட்கார்ந்திருந்தாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் அவள் வாயைத் திறந்து மூச்சை ஒரு மடக்குப் பிடித்துக்கொண்டாள்.

"ஏறுதா?" என்று கேட்டாள்.

"இல்ல பிள்ளே. அங்கனயேதான் நிக்குது" என்றான்.

திரும்பவும் கணுக்காலிலிருந்து எடுத்தான். விரல் வலிக்க அடித்தான். எத்தனை முடுக்கி அடித்தாலும் அவன் கைக்குப் பாட்டு மணிக்கு முந்திக் கழுத்தைத் தாண்டவில்லை.